மலைச்சரிவில் ஒரு முதியோர் இல்லம்

கம்பளையில் இருக்கும் பெரியம்மாவின் இடுப்பெலும்பு முறிந்து ஆறு மாதம் கடந்திருந்தது. சத்திர சிகிச்சை நல்லபடி முடிந்து, நாலுகால் தடியைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் நாலடி நடக்கும் நிலைக்கு வந்திருந்தார். வயது எண்பத்தொன்று. ஒரே மகன் குடும்பத்தோடு டோஹாவில். அவரே ஒருநாள் இரவு என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

“தம்பி, கண்டிப் பக்கம் ஒரு முதியோர் இல்லம் இருக்காம். முஸ்லிம்களும் ரெண்டு மூணு பேர் இருக்காங்களாம். நீ போய்ப் பார்த்து நல்ல இடம்னு சொன்னா நான் பணத்தக் கட்டுறேன். நீ மௌலவி. நீ சொல்லிட்டா ஊர்ல யாரும் வாய் திறக்க மாட்டாங்க.”

நானா சொன்ன கடைசி வார்த்தை எனக்குள் முள்ளாகத் தைத்தது. தாயின் சகோதரி தாயின் இடத்தில் இருப்பவர் என்று மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பவன் நான். பெற்றோர் முதுமையை அடைந்தால் அவர்கள் முன் சலிப்பின் சிறு ஒலிகூட எழக்கூடாது என்று ஜும்ஆ மேடையில் எத்தனையோ முறை பேசியவன். இப்போது ஒரு முதியோர் இல்லத்துக்கு நற்சான்று வழங்கும் வேலை எனக்குத் தரப்பட்டிருக்கிறது. முடியாது என்று சொல்லிவிட்டுத் தப்பியிருக்கலாம். ஆனால் நான் முடியாது என்று சொல்வதால் பெரியம்மாவின் ஒரு நாளும் இலகுவாகப் போவதில்லையே!

2024 செப்டெம்பர் நடுப்பகுதியில் வார இறுதியோடு மீலாத் விடுமுறையும் போயா விடுமுறையும் அடுத்தடுத்து வந்தன. சனிக்கிழமை காலை மனைவியையும் அழைத்துக்கொண்டு கோட்டையில் கண்டி ரயில் ஏறினேன். பெண்கள் தங்கும் பகுதிக்குள் நான் தனியே போய்ப் பார்ப்பது முறையல்ல என்பது ஒரு காரணம். மற்றொன்று, படுத்த படுக்கையாகிவிட்ட தன் வாப்பாவை மூன்று வருடம் வீட்டில் வைத்துப் பார்த்தவர் அவர். நான் கிதாபில் படித்ததை அவர் கையால் செய்திருக்கிறார்.

றம்புக்கனையைத் தாண்டியதும் ரயில் மூச்சுவாங்கி ஏறத் தொடங்கியது. ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் அதல பாதாளம். தூரத்தில் பத்தலேகல மலை மேடை போட்டது போல் தட்டையாகத் தெரிந்தது. 1867இல் கண்டிக்கு ரயில் வந்தபோது இந்தப் பாதையை மலையில் வெட்டியவர்களை நினைத்தால் இன்றும் வியப்பே. ஜன்னலோரம் இருந்த மனைவி காட்சியைப் பார்க்கவில்லை. கையிலிருந்த சிறு கொப்பியில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

“என்ன எழுதுறீங்க?”

“வாப்பாவப் பார்த்த காலத்துல நமக்கு எதெல்லாம் கஷ்டமா இருந்திச்சி என்று எழுதுறேன். அங்க போய் அதத்தானே கேட்கணும்.”

பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். கண்டியைச் சூழ்ந்த மலைகளில் ஒன்றின் சரிவில், பலாவும் கித்துளும் நிறைந்த ஒரு தோட்டத்துக்குள் இல்லம் இருந்தது. இடத்தை இதற்கு மேல் அடையாளம் காட்டப் போவதில்லை. ஓர் இல்லத்தைத் தூற்றுவதோ போற்றுவதோ என் நோக்கமன்று. நான் கண்டவை எந்த இல்லத்திலும் காணக் கூடியவை.

பகல் வெளிச்சத்தில்

வாசலில் செவ்வரளிச் செடிகள். பளபளவென்று மெழுகிய சிவப்புச் சீமெந்துத் தரை. காரியாலயச் சுவரில் பதிவுச் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் முதியோர் இல்லங்கள் பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது. தேசிய முதியோர் சபையை அமைத்ததும், தம்மைத் தாமே பராமரிக்க இயலாத பெற்றோரைக் கவனிப்பது பிள்ளைகளின் கடமை என்று எழுதிவைத்ததும், புறக்கணிக்கப்பட்ட பெற்றோர் முறையிட ஒரு பராமரிப்புச் சபையை ஏற்படுத்தியதும் அதே சட்டந்தான். நமது வேதம் என்றோ சொன்ன கடமையை நாட்டுச் சட்டமும் எழுத வேண்டி வந்திருப்பது நம்மைச் சிந்திக்க வைக்க வேண்டும்.

பொறுப்பாளர் ஐம்பது வயது மதிக்கத்தக்க சிங்களச் சகோதரி. முன்னாள் அரசாங்கத் தாதி. தமிழ் நன்றாகப் பேசினார். பெண்கள் பகுதியில் இருபத்தாறு கட்டில்கள், ஆண்கள் பகுதியில் பதினான்கு. மூன்று இனத்தவரும் இருக்கிறார்கள். முஸ்லிம் மூதாட்டிகள் மூவர். விரிப்புகள் வெள்ளையாக இருந்தன. மலசலகூடங்களில் கைபிடிக் கம்பிகள் பொருத்தப்பட்டிருந்தன. ஐந்து பராமரிப்பாளர்கள் ஓடியாடி வேலை செய்துகொண்டிருந்தனர்.

அன்று பகலுணவு கண்டியில் வியாபாரம் செய்யும் ஒரு முஸ்லிம் குடும்பத்தின் தர்மம். காலமான தகப்பனாரின் நினைவாக வருடந்தோறும் கொடுக்கிறார்களாம். கோழி புரியாணி, மாசிச் சம்பல், வட்டிலப்பம். பிள்ளைகள் தட்டுகளைப் பரிமாற, பெரியவர்கள் புகைப்படம் எடுத்தார்கள். ஒரு மூதாட்டியின் தட்டத்தைப் பிடித்தபடி நால்வர் நின்று படத்துக்குச் சிரித்தனர். படம் எடுத்து முடியும்வரை அந்தத் தாய் வாய்க்குக் கொண்டுபோன கையை அப்படியே நிறுத்தி வைத்திருந்தார். அதை நானும் பார்த்தேன். ஆனால் அப்போது எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. நம்மவர்கள் நல்ல காரியம் செய்கிறார்களே என்ற மகிழ்ச்சிதான் இருந்தது.

சுவரில் ஒரு பலகை. அதில் மூன்று மாதத்துக்கான நாட்கள் கட்டம் கட்டமாக. ஒவ்வொரு கட்டத்திலும் பகலுணவு தருபவரின் பெயர். ஒரு கட்டமும் வெறுமையாக இல்லை.

ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் பார்த்து முடித்தோம். இறங்கி வரும்போது, “அல்ஹம்துலில்லாஹ், நல்ல இடம். நானாவுக்குச் சொல்லிடலாம்” என்றேன்.

மனைவி கொப்பியைத் திறந்தார். “பன்னிரண்டு கேள்வி எழுதிக்கொண்டு வந்தேன். அஞ்சுக்குத்தான் பதில் கிடைச்சிருக்கு. மிச்சம் ஏழும் இரவு சம்பந்தப்பட்டது.”

ஒரு தொலைபேசி அழைப்பு

அன்றிரவு அக்குறணையில் மனைவியின் தாத்தா வீட்டில் தங்கினோம். அவருடைய மகள் இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக வேலை செய்கிறாள். அவளிடமும் கேட்போம் என்று வீடியோவில் அழைத்தோம்.

இங்கிலாந்தில் இத்தகைய இல்லங்களையும் பரிசோதிக்கும் ஓர் ஆணைக்குழு 2009 முதல் இயங்கி வருகிறது. அது ஐந்து கேள்விகளை வைத்துப் பார்க்கிறது. இங்கே பாதுகாப்பு இருக்கிறதா? பராமரிப்பால் பயன் கிடைக்கிறதா? அன்பாக நடத்துகிறார்களா? ஒவ்வொருவரின் தேவைக்கும் ஏற்ப நடக்கிறார்களா? நிர்வாகம் செவ்வையாக இருக்கிறதா? பிறகு மிகச் சிறப்பு, நன்று, திருத்தம் தேவை, போதாது என்ற நான்கில் ஒன்றைத் தரமாக வழங்குகிறது. அந்தத் தரத்தை எல்லோரும் பார்க்கும்படி இல்லத்திலேயே காட்சிக்கு வைக்க வேண்டுமென்பது அங்கே சட்டம்.

“அவங்க எப்ப வருவாங்க என்று எங்களுக்குப் பெரும்பாலும் தெரியாது சின்னம்மா” என்றாள் அவள். “சொல்லாம வருவாங்க. வந்து முதல்ல பைல் கேட்க மாட்டாங்க. சும்மா ஒரு மூலையில கதிரையப் போட்டு உட்கார்ந்து பார்ப்பாங்க. யாராவது கூப்பிட்டா எவ்வளவு நேரத்துல ஆள் வருது, தண்ணி கைக்கு எட்டுற இடத்துல இருக்கா, சாப்பாடு ஊட்டுறவங்க நின்றுகொண்டா உட்கார்ந்துகொண்டா ஊட்டுறாங்க... இதத்தான் பார்ப்பாங்க. நீங்க பகல் சாப்பாட்டுக்குப் போனீங்களா? ராச்சாப்பாட்டுக்குப் போங்க.”

என் மனைவி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

மாலை ஐந்தரை மணிக்கு

மறுநாள் ஞாயிறு. யாருக்கும் சொல்லாமல் மாலை ஐந்தரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். மலையில் இருள் சீக்கிரம் இறங்கிவிடுகிறது. காவலாளி எங்களை அடையாளம் கண்டு உள்ளே விட்டார். தடை சொல்லாமல் விட்டதே ஒரு நல்ல அறிகுறி என்று மனைவி மெல்லச் சொன்னார்.

இரவுணவு முடிந்திருந்தது. ஐந்து மணிக்கே கொடுத்துவிட்டார்கள். பாண் இரண்டு துண்டு, பருப்பு. காலையுணவு ஏழரை மணிக்கு. இடையில் பதினான்கரை மணி நேரம். சீனி வியாதிக்கு மாத்திரை எடுப்பவர்களுக்கு இவ்வளவு நீண்ட இடைவெளி ஆபத்து. நடுச்சாமத்தில் இரத்தத்தில் சீனி அளவுக்கு மீறிக் குறைந்து மயங்கி விழக்கூடும். நேற்றுப் பகல் வட்டிலப்பம், இன்றிரவு வெறும் பாண். தர்மம் செய்பவரின் கண் படுவது ஒரு வேளைச் சாப்பாட்டில். வயிற்றுக்கோ மூன்று வேளை!

பெண்கள் பகுதியில் இருபத்தாறு பேருக்கும் ஒரே ஒரு பராமரிப்பாளர் இருந்தார். தோட்டப்புறத்திலிருந்து வந்து வேலை செய்யும் பெண், வயது நாற்பதிருக்கும். காலை ஆறு மணி வரை அவர் மட்டுந்தானாம். ஆண்கள் பகுதியைக் காவலாளி பார்த்துக்கொள்வாராம்.

என் மனைவி ஒவ்வொரு கட்டிலாகப் போய்ப் பார்த்தார். நான் வாசலண்டை ஒரு கதிரையில் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் கட்டிலில் ஒரு தாய், “மிஸி, மிஸி” என்று அழைத்துக்கொண்டிருந்தார். கடிகாரத்தைப் பார்த்தேன். பதினேழு நிமிடம் கழித்து ஆள் வந்தது. வேண்டுமென்று தாமதித்தவர் யாருமில்லை. அந்தப் பெண் அப்போது மற்றொருவரைக் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர்க் குவளைகள் எல்லாக் கட்டிலருகிலும் இருந்தன. ஆனால் படுத்திருப்பவர் கை நீட்டினால் எட்டும் இடத்தில் இருந்தவை பாதியும் இராது.

ஜன்னலோரக் கதிரையில் ஒரு மூதாட்டி அமர்ந்திருந்தார். இடுப்பைச் சுற்றி ஒரு பழைய சேலைத் துண்டு. அது கதிரையின் பின்னால் முடிச்சிடப்பட்டிருந்தது. அவர் எழ முயல்வதும் துண்டு அவரை இழுத்து உட்கார வைப்பதுமாக இருந்தது.

என் மனைவியின் முகம் சிவந்தது. ஆனால் கோபத்தில் கேட்கவில்லை. “இது ஏன் தங்கச்சி?” என்றுதான் கேட்டார்.

அந்தப் பெண் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார். “போன மாசம் ரெண்டு தடவ விழுந்துட்டாங்க மேடம். நான் ஒரு ஆளு. ஒருத்தரக் கக்கூசுக்குக் கூட்டிட்டுப் போனா மத்தவங்கள யாரு பார்க்கிறது? எனக்கும் மனசு கேட்கலதான். படுக்க வைக்கிற நேரம் அவுத்துருவேன்.” சொல்லிக்கொண்டே குனிந்து அந்த முடிச்சை அவிழ்த்து, மூதாட்டியின் கையைப் பிடித்து நாலடி நடக்க வைத்தார். “இவங்களுக்குக் கரண்டியில ஊட்டினாத்தான் தண்ணி இறங்கும். அந்தக் கட்டில்காரங்களுக்கு விளக்கு அணைஞ்சா பயம். இந்தப் பாட்டி பக்கத்துல யாராவது கொஞ்சம் உட்கார்ந்தாப் போதும், தூங்கிருவாங்க” என்று ஒவ்வொருவரின் சங்கதியும் சொன்னார். எந்தப் பைலிலும் இது எழுதப்பட்டிருக்கவில்லை. அவர் மனதில் எழுதியிருந்தது.

மூலைக் கட்டிலில் இருந்த முஸ்லிம் மூதாட்டி என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். “மகள், மஃரிபுக்கு வாங்கு சொல்லியாச்சா?” மலை மேலே எந்தப் பள்ளிவாசலின் வாங்கும் எட்டுவதில்லை. ஒவ்வொரு மாலையும் இதைத்தான் கேட்பாராம். அவர் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் சுண்ணக்கட்டியால் ஓர் அம்புக்குறி, மேற்கே சற்று வடக்குச் சாய்ந்து. “இங்க வந்த ஒரு முச்சக்கர வண்டிக்கார நானாக்கிட்ட திசை கேட்டு நான்தான் போட்டேன். பாட்டி எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டே இருந்தாங்க” என்றார் அந்தப் பெண். நம் மார்க்கத்தைச் சேராத ஒரு பெண் கீறிய அந்தக் கோட்டின் முன் நான் சற்று நேரம் பேச்சற்று நின்றேன்.

விழுந்தோர் புத்தகம்

பொறுப்பாளர் இல்ல வளவிலேயே குடியிருக்கிறார். செய்தி அறிந்து வந்தார். நாங்கள் சொல்லாமல் வந்ததற்குக் கோபிக்கவில்லை. பார்த்தவற்றை மறைக்காமல் சொன்னேன். அவர் அலுமாரியைத் திறந்து ஒரு தடித்த கொப்பியை எடுத்து வைத்தார். யார், எப்போது, எங்கே விழுந்தார், வைத்தியருக்கு எப்போது அறிவிக்கப்பட்டது என்று ஒவ்வொன்றும் எழுதியிருந்தது. பெரும்பாலானவை இரவு எட்டு மணிக்கும் அதிகாலை ஐந்து மணிக்கும் இடையில் நடந்தவை.

அந்தக் கொப்பியைப் பார்த்தபோது அவர்மீது எனக்கு மதிப்பு உயர்ந்தது. நாற்பது முதியவர்கள் வாழும் இடத்தில் யாருமே விழவில்லை என்று ஒருவர் சொன்னால், அங்கே எழுதுவதில்லை என்றுதான் அர்த்தம். தன் குறையைத் தானே எழுதி வைப்பவர் அதைத் திருத்த விரும்புகிறவர்.

“தெரிகிறதா மௌலவி?” என்றார். “இரவில் இன்னும் ஒரு ஆள் இருந்தால் இதில் பாதி நடக்காது. சேலைத் துண்டும் தேவைப்படாது. 2022இல் சாமான் விலை ஏறியதோடு இரவு வேலைக்கு இருந்த இரண்டாவது ஆளை நிறுத்தினோம். நன்றாக வேலை பழகியவர்கள் வெளிநாடு போகிறார்கள். சோறு தர எல்லோரும் வருகிறார்கள், மூன்று மாதத்துக்கு இடமில்லை. இரவு ஆளின் சம்பளத்தைத் தர ஒருவரும் வருவதில்லை. சம்பளத்தோடு நின்று போட்டோ எடுக்க முடியாதுதானே?”

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தர்மத்தைப் பற்றி நான் செய்த பயான்களில் ஒன்றிலேனும், முதியோருக்கு இரவில் தேவைப்படுவது என்ன என்று கேட்டுப் பார்த்துக் கொடுங்கள் என்று நான் சொன்னதில்லை.

கம்பளையில் அதே கேள்விகள்

திங்கட்கிழமை காலை கம்பளைக்குப் போனோம். பேராதனையைத் தாண்டினால் மகாவலி கூடவே வருகிறது. பதினான்காம் நூற்றாண்டில் அரசிருந்த ஊர் அது. எனக்கோ பெரியம்மாவின் ஊர் மட்டுந்தான். சிறுவயதில் லீவு நாட்களில் ஆற்றில் குளித்துவிட்டு வந்தால், தலை துவட்டி, தேங்காய்ப்பூவும் சீனியும் போட்ட ரொட்டி கையில் தருவார்.

பெரியம்மா பின்னறையில் படுத்திருந்தார். சலாம் சொல்லிக் கையை முத்தமிட்டேன். மனைவி பக்கத்தில் அமர்ந்து காலைப் பிடித்துவிட்டார். பிடித்துவிட்டுக்கொண்டே என்னைக் கண்ணால் அழைத்தார்.

வலது குதிகாலில் ஓர் ஐந்து ரூபாய்க் குற்றி அளவுக்குச் சிவப்பு. மனைவி விரலால் அழுத்தி எடுத்தார். நல்ல தோலாக இருந்தால் அழுத்திய இடம் வெளிறிப் பிறகு சிவக்க வேண்டும். இது வெளிறவில்லை. படுக்கைப் புண்ணின் தொடக்கம் அது. படுத்தே இருப்பவரை இரண்டு மணிக்கொரு தரமேனும் பக்கம் மாற்றிவிட வேண்டும், குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலின் கீழ் தலையணை வைக்க வேண்டும். அதை யாரும் இங்கே செய்யவில்லை.

என் மனைவி கொப்பியை எடுத்தார். இல்லத்தில் கேட்ட அதே கேள்விகள்.

தண்ணீர் எங்கே? அறையின் மறுகோடியில் மேசை மேல். “இரவுல தாகம் வந்தா என்ன செய்வீங்க மாமி?” “விடிஞ்ச பொறகு குடிப்பேன் மகள். தண்ணி குடிச்சா எழும்ப வேண்டி வருமே.” வைத்தியர் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருந்தார். எழும்பினால் விழுந்துவிடுவேன் என்று பயந்து அவர் குடிப்பதையே நிறுத்தியிருந்தார்.

இரவுணவு எப்போது? சமைத்துக் கொடுக்கும் பெண் அஸருக்குப் பிறகு சோற்றை மூடி வைத்துவிட்டுப் போய்விடுவார். போகும்போது பாதுகாப்புக்காக வெளிக்கதவைப் பூட்டிச் செல்வார். இரவு ஒன்பது மணிக்கு உறவுக்காரப் பையன் ஒருவன் வந்து முன்ஹாலில் படுப்பான், காதில் தொலைபேசியின் வயரைச் செருகிக்கொண்டு.

அஸரிலிருந்து ஒன்பது மணி வரை? யாருமில்லை. அங்கே சேலைத் துண்டு. இங்கே பூட்டு.

நாம் வீட்டில் வைத்துப் பார்க்கிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்தோமே, யார் பார்த்தோம்? நான் மாதம் ஒருமுறை வந்து தலைமாட்டில் அரைமணி நேரம் அமர்ந்து, துஆச் செய்துவிட்டுப் போயிருக்கிறேன். வரும்போதெல்லாம் பகல் வெளிச்சத்தில்தான் வந்திருக்கிறேன். சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

வந்த விஷயத்தை எப்படித் தொடங்குவது என்று தயங்கினேன். பெரியம்மாவே தொடங்கினார்.

“அந்த எடத்தப் போய்ப் பார்த்தீங்களாமே மகன். மகன் போன்ல சொன்னான். என்கிட்ட யாரும் கேட்கல.”

எனக்குத் தலை குனிந்தது. தரை, விரிப்பு, கைபிடிக் கம்பி எல்லாம் பார்த்த நாங்கள், போகப் போகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை.

“மன்னிச்சுக்கோங்க பெரியம்மா. நீங்க என்ன கேட்கணுமோ கேளுங்க.”

சற்று யோசித்தார். “இரவுல கூப்பிட்டா யாரு வருவாங்க?”

பொய் சொல்ல மனம் வரவில்லை. “இப்போதைக்கு ஒருத்தர்தான். இருபத்தாறு பேருக்கு ஒருத்தர்.”

“இங்க அந்த ஒருத்தரும் இல்லையே மகன்.”

அவர் குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை. விடிந்துவிட்டது என்பது போலச் சாதாரணமாகச் சொன்னார்.

பிறகு நடந்தவை

அன்றே என் மனைவி கம்பளையில் தங்கிவிட்டார். பிள்ளைகளை நான் பார்த்துக்கொண்டேன். குதிகாலுக்குக் கீழ் தலையணை வந்தது, தண்ணீர்ப் போத்தல் கைக்கெட்டும் இடத்துக்கு வந்தது, கட்டிலருகில் சிறிய கொமட் நாற்காலி வந்தது, கையில் ஒரு மணி வந்தது. மூன்று வாரத்தில் சிவப்பு மறைந்தது.

நானாவிடம் நான் சொன்னது இதுதான்: “நான் மௌலவி என்பதற்காக ஊர் வாயடைக்க என் பெயரைப் பாவிக்க வேண்டாம். பெரியம்மா போவதா இல்லையா என்பதை அவரே சொல்லட்டும். போனால், பணம் கட்டுவதோடு நம் கடமை முடியாது. இரவுக்கு இரண்டாவது ஆள் வேண்டும்.” நானா வாயடைத்துப் போனார். பிறகு அழுதார்.

அந்தப் புரியாணிக் குடும்பத்தைத் தேடிப் போய்ப் பார்த்தேன். தயங்கித்தான் பேசினேன். அவர்கள் தயங்கவில்லை. “எங்களுக்கு இது யாரும் சொல்லித் தரலியே ஹஸரத்” என்றார் வீட்டுத் தலைவி. அவர்களும் நானாவும் இன்னுமொரு சிங்களக் குடும்பமும் சேர்ந்து இரவு ஆளின் சம்பளத்தை மாதந்தோறும் கொடுக்க ஒப்புக்கொண்டனர். நவம்பரில் இரண்டாவது ஆள் வேலைக்குச் சேர்ந்தார்.

2025 ஜனவரியில் பெரியம்மா ஒரு மாதம் இருந்து பார்ப்பதாகச் சொல்லிப் போனார். வீட்டை விற்கவில்லை. சாவி அவருடைய தலையணைக்குக் கீழே இருக்கிறது. அது அவர் போட்ட நிபந்தனை. ஒரு மாதம் முடிந்ததும், “இன்னும் கொஞ்சம் இருந்து பார்க்கிறேன்” என்றார். மூலைக் கட்டில் மூதாட்டிக்கு இப்போது இவர்தான் வாங்கு நேரம் சொல்கிறார். நாங்கள் வாங்கிக் கொடுத்த கடிகாரம் ஒவ்வொரு வக்துக்கும் சத்தம் போடுகிறது. மூன்று மாதத்தில் நிறை இரண்டு கிலோ கூடியிருந்தது.

எல்லாம் நன்றாகிவிட்டது என்று எழுதினால் அது பொய்யாகும். இரவுணவு இன்னமும் ஐந்தரை மணிக்குத்தான். எட்டு மணிக்குப் பாலும் பிஸ்கட்டும் சேர்த்திருக்கிறார்கள். தேநீரில் சாயம் போதாதென்று பெரியம்மா ஒவ்வொரு முறையும் முறையிடுகிறார். சில மாலைகளில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “வீட்டுக்குப் போவமா மகன்?” என்று கேட்கிறார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. கையை விடாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

சகோதரிகளுக்கு

2012 குடிசன மதிப்பீட்டின்படி நம் நாட்டில் அறுபது வயதைக் கடந்தோர் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல். அதன் பின் இத்தொகை கூடியே வந்திருக்கிறது. பிள்ளைகளோ கடல் கடந்து போகிறார்கள். வீடா இல்லமா என்ற கேள்வி நாளை நம் வாசலுக்கும் வரலாம். அப்படி ஒன்றைப் பார்க்கப் போகும் சகோதரிகள் என் மனைவியின் கொப்பியிலிருந்து இவற்றையேனும் எடுத்துச் செல்லுங்கள்.

ஒருமுறை சொல்லிவிட்டுப் போங்கள், மறுமுறை சொல்லாமல் மாலையில் போங்கள். இரவில் எத்தனை பேருக்கு எத்தனை ஆள் என்று கேளுங்கள். இரவுணவுக்கும் காலையுணவுக்கும் இடையில் எத்தனை மணி நேரம் என்று எண்ணுங்கள். தண்ணீர் கைக்கு எட்டுகிறதா என்று பாருங்கள். யாரையேனும் கட்டி வைத்திருக்கிறார்களா, தூக்க மாத்திரை கொடுத்தால் வைத்தியர் எழுதித்தான் கொடுக்கிறார்களா என்று விசாரியுங்கள். கழுவும்போது திரை இழுக்கிறார்களா, பெண்ணைப் பெண்தான் கழுவுகிறாரா என்று கவனியுங்கள். விழுந்தோர் கணக்கையும் நிறைக் கணக்கையும் காட்டச் சொல்லுங்கள். முதியவரைப் பெயர் சொல்லி அழைக்கிறார்களா, கட்டில் இலக்கம் சொல்லி அழைக்கிறார்களா என்று காதுகொடுத்துக் கேளுங்கள். ஹலாலான உணவு, வுழூச் செய்யத் தண்ணீர், அது முடியாதவர்களுக்குத் தயம்மும் செய்ய வசதி, மௌத்தானால் உடனே குடும்பத்துக்கு அறிவித்து ஜனாஸாவை ஒப்படைக்கும் ஏற்பாடு ஆகியவற்றை முன்கூட்டியே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் முன், போகப் போகிறவரிடம் கேளுங்கள்.

தர்மம் கொடுக்கும் வீடுகளுக்கும் ஒரு சொல். பகலுணவு கொடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. கொடுப்பதற்கு முன் பொறுப்பாளரிடம், “உங்களுக்கு எது இல்லாமல் இருக்கிறது?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

அந்தக் கொப்பியை மூடிவிடாதீர்கள். உம்மாவோ மாமியோ மூத்தாப்பாவோ படுத்திருக்கும் நமது வீட்டுப் பின்னறைக்குள்ளும் அதை எடுத்துச் செல்லுங்கள். இன்றிரவே, விளக்கை அணைக்கு முன், தண்ணீர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். குதிகாலைத் தொட்டுப் பாருங்கள். “இரவுல கூப்பிட்டா யாரு வருவாங்க?” என்று அவர்கள் கேட்பதற்கு முன்னரே, “நான் வருவேன், கூப்பிடுங்க” என்று சொல்லிவிட்டுப் படுங்கள்.